அறுபத்திரண்டு வீட்டுக் காப்பி

எல்கான் மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்னக் காப்பித் தோட்டத்துக்குள் வந்ததும், இயற்கைக் காப்பிச் சான்றிதழுக்கான ஆய்வாளர் அம்மா நேராக மேல்வரிசை மரங்களுக்குப் போனார். இலைகளைப் பறித்துப் பையில் போட்டார்.

“இங்கே மருந்து அடிச்சிருக்கீங்கன்னு தகவல் வந்துச்சு.”

தோட்டக்காரி கைன்ஸா மறுக்கவில்லை. “தண்டுப் புழு பதினோரு மரத்தைக் கொன்னுடுச்சும்மா. மனசு கேக்கல. வீட்டுக்காரருக்குத் தெரியாம ஒரே ஒரு தடவை அடிச்சேன்.”

ஆய்வாளர், சான்றிதழ் பெறுவோர் பட்டியலிலிருந்து கைன்ஸா வீட்டுப் பெயரை அடித்துவிட்டுப் போனார். அந்த ஒரு தடவை தவிர மூன்று வருடமாக அவளும் கணவனும் ரசாயனம் தொடாமல், பாதி விளைச்சலோடு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இயற்கைக் காப்பிக்கான கூடுதல் விலை இந்த அறுவடையில்தான் வர இருந்தது.

கைன்ஸா வேலியோரம் ஓடினாள்.

“டேய் கிடுடு! போட்டுக் கொடுத்தது நீதானே? நீ நல்லா இருப்பியா?”

“சத்தியமா நான் இல்லக்கா!” பக்கத்துத் தோட்டத்துக் கிடுடு பதறினான்.

“பொய் சொல்லாதே! நான் மருந்து அடிச்ச அன்னைக்கு இந்தப் பக்கம் நின்னது நீ மட்டும்தான்!”

அவள் கணவன் வெபுக்குலு பின்னால் வந்து தோளைத் தொட்டான்.

“அவனைத் திட்டாதே. சொன்னது நான்தான்.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இலையில மருந்து வாசனை வந்துச்சு. நம்ம காப்பியும் மத்த அறுபத்திரண்டு வீட்டுக் காப்பியும் சங்கத்துல ஒரே குவியலாத்தான் விற்பனைக்குப் போகுது. சோதனையில மாட்டினா அத்தனை பேருக்கும் சான்றிதழ் போயிடும். கிடுடுவுக்கும்தான்.”

கைன்ஸா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே...”

“கேட்டிருந்தா நீ அழுதிருப்பே,” என்றான் வெபுக்குலு. “அப்புறம் என்னால சொல்லியிருக்க முடியாது.”