சிவப்பு வாளி

“ஏம்மா, தடை அறிக்கை எழுதச் சொன்னா விளம்பரம் எழுதி வெச்சிருக்கீங்க?”

இயக்குநர் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று வேலை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். எதிரே நின்ற கமா மேடம் மட்டும் அசையவில்லை. தகவல் துறையில் அறிக்கை எழுதுபவர் அவர். ஒரு கமா விட்டுப்போனாலும் கோப்பைத் திருப்பி அனுப்புவார். அதனால் வந்த பெயர்.

“எங்க சார் தப்பு? சொல்லுங்க, திருத்திடலாம்.”

“இனிமே திருத்தி என்ன ஆகப்போகுது?”

விஷயம் இதுதான். ‘வந்துச்சா?’ என்று ஒரு ஆப். தெருவுக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா என்று அந்தத் தெருக்காரர்களே வரைபடத்தில் குறிக்கலாம். வந்தால் நீலம், வராவிட்டால் சிவப்பு. நகரம் முழுக்கத் தினமும் தண்ணீர் வருகிறது என்று அமைச்சர் மேடைக்கு மேடை முழங்க, வரைபடம் அம்மை போட்ட உடம்பு மாதிரி சிவந்து கிடந்தது. சில ஆயிரம் பேர்தான் பார்த்தார்கள் என்றாலும் மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை. வதந்தி பரப்புகிறது என்று ஆப் ஸ்டோர் நிறுவனத்துக்கு எழுதினார்கள். வெள்ளிக்கிழமை மாலையோடு இந்த நாட்டில் அது கிடைக்காது என்று நிறுவனமும் தலையாட்டிவிட்டது.

எந்தத் தடையையும் முன்கூட்டியே மக்களுக்கு அறிவிப்பது இந்தத் துறையின் வழக்கம். எனவே திங்கட்கிழமையே கமா மேடம் அறிக்கை எழுதினார். எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, டிவியிலும் ரேடியோவிலும் மணிக்கொரு தரம் வாசித்தார்கள். இன்று வெள்ளிக்கிழமை. பதினோரு லட்சம் போன்களில் அந்த ஆப் உட்கார்ந்திருந்தது.

“பேரைப் போட்டீங்க, சரி. கைப்பிடி உடைஞ்ச சிவப்பு வாளிப் படம் போட்டதுன்னு அடையாளம் வேற சொல்லணுமா?”

“அதே பேர்ல வேற ஆப் இருந்தா, பாவம், அவங்க மேல பழி விழக் கூடாதுல்ல சார்.”

“இதைக் கேளுங்க. ‘வெள்ளிக்கிழமை மாலை வரை மட்டுமே பதிவிறக்க முடியும். அதற்குள் பதிவிறக்கியவர்களின் போனில் வழக்கம்போல் இயங்கும்.’ துணிக்கடைத் தள்ளுபடியாம்மா இது?”

“உள்ளதைத்தானே சார் சொன்னேன்? கடையிலேருந்து எடுக்கலாம். வீட்டுக்குள்ள போனதை எப்படி எடுக்கிறது?”

“சும்மா விட்டிருந்தா தானாச் செத்துப்போயிருக்கும்!”

“நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க? கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குன்னு பாராட்டினீங்களே!”

இயக்குநர் அறிக்கையை மேசைமேல் எறிந்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மனைவி. காதோடு வைத்தும் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“ஏங்க, பக்கத்துத் தெரு நீலமாயிடுச்சு. அடுத்தது நமக்குத்தான். மோட்டார் ரிப்பேர்காரரைக் கையோட கூட்டிட்டு வாங்க.”

“நீயுமா அதை ஏத்தி வெச்சிருக்கே?”

“நீங்கதானே டிவியில வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்னு சொன்னீங்க? அதான் அம்மா போன்லயும் ஏத்திட்டேன்.”

போனைக் கவிழ்த்து வைத்தார் இயக்குநர். கமா மேடம் ரொம்ப மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ பெத்த புள்ளையோ, பேரு ஊரு தெரியாம எங்கேயோ ஒளிஞ்சுக்கிட்டு என் மானத்தை வாங்குது.”

“புள்ளைன்னு எப்படி சார் சொல்றீங்க? ‘அடையாளம் தெரியாத நபர்’னுதான் நம்ம அறிக்கையில இருக்கு.”

அவ்வளவுதான். இயக்குநருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “திங்கட்கிழமையிலேருந்து நீங்க பழைய கோப்பு அறைக்குப் போங்க. இனிமே இந்தத் துறையில நீங்க ஒரு வரி எழுதக் கூடாது!”

இத்தனை வருடம் உயிராய் நினைத்துச் செய்த வேலை ஒரே வாக்கியத்தில் போய்விட்டது. ஆனால் கமா மேடம், “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே வெளியே வந்தார்.

“வேலையைப் பிடுங்கினா பதவி உயர்வு வாங்கின மாதிரி நடக்கிறாங்களே. மறை கழண்டுடுச்சா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பேருந்தில் முன் இருக்கைப் பெண்ணின் போனில் சிவப்பு வாளி தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் அவசர அவசரமாக அதையே இறக்கிக்கொண்டிருந்தார். “சீக்கிரம் சார், ஆறு மணியோட மூடிடுவாங்க” என்று கண்டக்டர் வேறு அவருக்கு யோசனை சொன்னார். தான் எழுதியதிலேயே உருப்படியானது அந்த அறிக்கைதான் என்று கமா மேடத்துக்குத் தோன்றியது. பெருமையில் நெஞ்சு நிறைந்துபோய், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போய் இறங்கினார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறைக் குழாய் புஸ்ஸென்று காற்றை விட்டுத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிய கமா மேடம், கைப்பிடி உடைந்த சிவப்பு வாளியை இழுத்துக் குழாயடியில் வைத்தார்.

“அம்மா, ஸ்டோர்ல எடுத்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள என் ஆப் பன்னிரண்டு லட்சம் பேர் கைக்குப் போயிடுச்சும்மா!” உள்ளறையிலிருந்து ஓடிவந்த மகள் அவரை இறுகக் கட்டிக்கொண்டாள். “அந்த அறிக்கையில டைரக்டர் கையெழுத்து இருந்தா என்ன, அத்தனை கமா போட உன்னைத் தவிர அங்கே யாரு இருக்கா?”