ஒரு கட்டம்தான்

"காலையில பேப்பர் வந்துட்டா போதும் ஃபாதர், பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கறதே இவருக்கு மறந்துடும்" என்றாள் ஜாஸ்லின். கிளம்பத் தயாராக அவள் பெட்டி வாசலில் நின்றது.

சமாதானம் பேச, சாரம் பகுதியிலுள்ள அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த பங்குத்தந்தை, அவள் கணவன் லூர்துபிரகாஷைப் பார்த்தார். மடியில் பேப்பரின் சுடோகு கட்டங்களோடு, ஒரு மூன்றை எங்கே குடியமர்த்துவது என்ற உலகப் பிரச்சினையில் அவன் மூழ்கியிருந்தான்.

"லூர்து, உங்க வீட்டம்மா அம்மா வீட்டுக்குப் போறேங்கறாங்க."

"இதோ ஃபாதர், ஒரு கட்டந்தான்."

"கல்யாணமான நாள்லேர்ந்து அதே ஒரு கட்டந்தான்!" என்றாள் ஜாஸ்லின்.

லூர்துவின் பேனா கீறிக்கொண்டே இருந்தது.

"அதுல அப்படி என்ன சுகம்?" என்றார் ஃபாதர்.

"எல்லா நம்பரும் அதது எடத்துல உக்காந்தா ஒரு நிம்மதி ஃபாதர். எதுத்தும் பேசாது."

ஃபாதர் பெருமூச்சு விட்டார். "சரி, நாளையிலேர்ந்து பேப்பரை நிறுத்திடுங்க."

"ஐயையோ!" என்று அலறியவள் ஜாஸ்லின்.

"நிறுத்தாதீங்க ஃபாதர், ரெண்டு பேப்பரா வாங்கச் சொல்லுங்க! எனக்குன்னு ஒரு கட்டங்கூட மிச்சம் வைக்கறதில்ல. எல்லாத்தையும் பேனாவால ரொப்பிடறாரு. அதுவும் தப்புத் தப்பா!"