நுழையும் புள்ளி, வெளியேறும் புள்ளி

சாக்பீஸ் நான்காவது துணைத்தேற்றத்தில் நின்றது.

மதுரைக் கருத்தரங்கில் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த இடத்தில்தான் அவள் தப்புச் செய்திருந்தாள்.

அவள் ஆராயும் ‘குரூப்’ எனும் கணிதக் குலங்களின் வடிவத்தை வெகு தூரத்திலிருந்து பார்த்தால், முக்கோணங்கள் எல்லாம் ஒல்லி. மூன்று பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையிடையே சமதளங்கள் வரும். அங்கே மட்டும் முக்கோணம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு சமதளத்தையும் பொட்டலம் கட்டி, கடக்க ஒரே அடி என்று வைத்துக்கொள்வார்கள். அப்புறம் பொட்டலத்தைப் பிரித்து உண்மைத் தூரத்தை அளக்க வேண்டும்.

அவள் பிரிக்க மறந்துவிட்டாள். வகுப்பில் வருஷா வருஷம் இதையே சொல்லி எச்சரித்தவள்!

கட்டுரையை இதழுக்காகப் படித்த மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துவிட்டார். ‘இது தவறு’ என்று தன் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்.

அந்த வருஷம் மே மாதத்தோடு அவளுடைய ஒப்பந்த வேலை முடிவதாக இருந்தது. கட்டுரை இதழில் ஏறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மறுநாள்தான் மிச்சப் பக்கங்களைப் புரட்டினாள்.

பதினோரு பக்கம்.

பாதை ஒவ்வொரு சமதளத்திலும் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று குறித்துக்கொண்டால் போதும், தேற்றம் பிழைத்துவிடும். அதை வரி வரியாகச் செய்தே காட்டியிருந்தார் அந்தப் புண்ணியவான்.

தன் பெயரில் வெளியிட்டிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்?

மதிப்பீட்டாளர் பெயர் வெளியே வராது. கேட்கக் கூடாது, துப்புத் துலக்கவும் கூடாது. துறை வழக்கம் அப்படி. கூட்டாசிரியராக வரச் சொல்லி இதழ் வழியாகக் கெஞ்சிப் பார்த்தாள். மாட்டேன் என்று பதில் வந்தது.

வேலை தப்பியது. நன்றிதான் இரண்டு வருஷமாக நெஞ்சிலேயே கிடந்தது.

இதைப் படித்துத் திருத்தக்கூடியவர்கள் நாட்டில் ஏழெட்டுப் பேர். முக்கால்வாசி இந்த அறையில்தான்.

அவள் எழுதி முடித்தாள்.

முன்வரிசையில் பேராசிரியர் இருளப்பனுக்கு வாயெல்லாம் பல்.

“பிரமாதம்மா! இந்த யோசனை எப்படித் தோணுச்சு?”

“எனக்குத் தோணல சார். ஒருத்தங்க குடுத்தாங்க. யாருன்னு தெரியாது. அவங்க இல்லேன்னா நான் இன்னைக்கு இங்க நிக்க மாட்டேன்.”

யாரைப் பார்த்துக் கும்பிடுவது?

அறை முழுவதையும் பார்த்துக் கும்பிட்டாள். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. குனிந்து, பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் நிமிர்வதற்குள் அவள் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒன்றுமே எழுதாத மூலையை அழிக்கத் தொடங்கினாள்.