டீசல் இறங்கிய காலை

“இன்னிலேர்ந்து மேடவாக்கம்னாலும் இருபது, பெரும்பாக்கம்னாலும் இருபது. டீசல் எறங்கிடுச்சி” என்றாள் ஹேமாவதி, கியரைப் போட்டபடி.

கிழக்குத் தாம்பரத்தில் அவளுடைய ஷேர் ஆட்டோ அப்போதுதான் நிறைந்திருந்தது. உள்ளே இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஷேர் ஆட்டோ கட்டணத்துக்கு ஏறத்தான் தெரியும். அது இறங்கி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நேற்றுவரை மேடவாக்கத்துக்கு இருபது, பெரும்பாக்கத்துக்கு முப்பது ரூபாய்.

கடைசி இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சம்பந்தம் அண்ணன் நிமிர்ந்தார்.

“பெரும்பாக்கத்துக்குமாம்மா?”

“ஆமாண்ணா. எல்லாருக்கும்தான்.”

தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு இரவுக் காவல் வேலை. வீடு பெரும்பாக்கம் குடியிருப்பில். விபத்தில் அடிபட்ட வலது காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். அப்படியும் தினமும் மேடவாக்கம் சிக்னலிலேயே இறங்கிவிடுவார். “சுகருக்கு நடக்கணும்மா” என்று சிரித்துவிட்டு, அந்தக் காலை இழுத்துக்கொண்டு வெயிலில் போவார்.

அவருக்குச் சுகர் கிடையாது, பத்து ரூபாய்தான் இடிக்கிறது என்பது இந்த வண்டியில் எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் ஹேமாவதி, “குந்துண்ணா, துட்டு வோணாம், வூட்டாண்ட வுட்டுட்டுப் போறேன்” என்று சொல்லித் தொலைத்தாள். மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. அதன்பிறகு அவள் வண்டி வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார். மறுபடி இவள் வண்டியில் ஏற அவருக்கு வெகுநாள் ஆயிற்று.

அதற்குள் கால் வீங்கிவிட்டது. இப்படியே நடந்தால் கால் தங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். வீக்கத்தில் செருப்பு நுழையாமல், வாரை அறுத்துவிட்டுப் போட்டிருந்தார்.

வண்டி கேம்ப் ரோட்டைத் தாண்டுவதற்குள், டீசல் ஏன் இறங்கியது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

எங்கேயோ சண்டை நின்று கப்பல்கள் ஒழுங்காக வர ஆரம்பித்திருக்கும் என்றார் ஒரு டீச்சர். எலக்‌ஷன் கிட்டே வந்தால் அது தானாக இறங்கும் என்று அடித்துச் சொன்னார் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர். ஐ.டி. கம்பெனிக்குப் போகும் ஃபிரெடி, டாலர், கச்சா எண்ணெய், வரி என்று ஒரு பாடமே நடத்தினான். நன்றாகத்தான் பேசினான். எனக்கே பாதி புரிந்தது.

அதோடு விட்டானா?

“எவ்ளோ கம்மியாச்சுன்னு பாத்துடலாம்” என்று போனை எடுத்தான்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஹேமாவதியின் கண்கள் தெரிந்தன. அவை ரோட்டைப் பார்க்கவில்லை. ஃபிரெடியின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தன.

சம்பந்தம் அண்ணனும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருபது ரூபாய் நோட்டு ஒன்று தயாராக இருந்தது.

“கொறஞ்சிருக்கு தம்பி” என்றேன் நான்.

ஃபிரெடி திரும்பி என் சட்டையைப் பார்த்தான்.

“நீங்களே சொல்றீங்க, அப்புறம் என்னண்ணா” என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மேடவாக்கம் சிக்னலில் வண்டி நின்றது. சம்பந்தம் அண்ணன் பழக்கதோஷத்தில் எழுந்தார். பாதி எழுந்தவர், நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அந்தச் சிக்னலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெரும்பாக்கத்தில் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினாள். அவர் மெதுவாக இறங்கி, நோட்டை நீட்டினார்.

“எங்கியோ எவனோ ஒரு பெரிய மனுசன் மனசு வெச்சிருக்கான்மா. அவன் நல்லா இருக்கட்டும்.”

“ஆமாண்ணா” என்றாள் ஹேமாவதி. நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசியாக இறங்கியது நான்தான். முப்பது ரூபாயை நீட்டினேன். இருபதை எடுத்துக்கொண்டு பத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“டீசல் எறங்கிடுச்சிண்ணா. உனுக்குத் தெரியாதா?”

எவ்வளவு அழுத்தக்காரி! நாளைக்கு ஸ்டாண்டில் மற்ற வண்டிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அது தெரிந்துதான் செய்திருக்கிறாள். ஒரு மனிதர் தலைகுனியாமல் வீடுபோய்ச் சேரவேண்டும் என்பதற்காக வண்டி முழுவதற்கும் கட்டணத்தைக் குறைத்தவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது. கும்பிட்டால் திட்டுவாள். பத்து ரூபாயை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பையின்மேல் எங்கள் பெட்ரோல் பங்க்கின் பெயர் தைத்திருக்கும்.

இன்று காலை ஆறு மணிக்கு டீசல் விலை ஏறியது. நைட் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் முன் பலகையில் எண்ணை மாற்றியவன் நான். அந்தப் புது விலைக்கு முதல் ஆளாக வந்து, ஏறிய எண்ணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, டேங்க்கை நிரப்பிக்கொண்டு போனவள் ஹேமாவதி.