மூணு நாள் அழுத படம்

டிரெய்லரைத் தாண்டி ஒரு நிமிடம்கூடப் பார்க்காத ஒரு அடிதடிப் படத்தை, "மூணு நாள் அழுதேன், விட்டுடாதீங்க" என்று சினிமா ரசிகர் குழுவில் பரணிதரன் பரிந்துரைத்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வருடமாக அவன் பேச வழி தேடிக்கொண்டிருந்த ஜெனிட்டா மட்டும் நம்பிவிட்டாள். "ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன், நீயும் வா" என்று செய்தி அனுப்பினாள். உண்மையைச் சொல்ல அவனுக்கென்ன பைத்தியமா? சென்ட் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இடைவேளையில் அவள் அந்தப் பதிவுக்கு வந்திருந்த கருத்துகளைப் படித்துவிட்டாள்.

"எல்லாம் நக்கலாடா?"

அதற்குப் பிறகு பாப்கார்ன் அவன் பக்கம் வரவேயில்லை.

அதுவரை அடியாட்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த முரட்டு நாயகன், கடைசிக் காட்சியில் செத்துப்போன தம்பியின் சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டான். அவ்வளவுதான். பரணிதரனுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"போதும், நடிக்காத."

"இல்ல ஜெனி, சத்தியமா அழுறேன்."

"இதையும் குரூப்ல போட்டுச் சிரிப்ப."

விளக்குகள் எரிந்தன. அவள் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு ஒற்றை விரலால் அவன் கன்னத்தை வழித்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.