ஐந்தாவது பாட்டில் அழுத குழந்தை

"வாயை நல்லாத் திறங்க. பேசக் கூடாது. காது மட்டும் வேலை செஞ்சா போதும்" என்றார் பல் டாக்டர்.

நாற்காலியில் சாய்ந்திருந்த இளைஞன் அப்படியே தலையாட்டினான். லிஃப்ட் மெக்கானிக். கடைவாய்ப் பல்லில் சொத்தை என்பது ஒரு சாக்கு. டாக்டரின் ஒரே மகளைக் கல்யாணம் செய்துகொள்ள அவருடைய சம்மதம் வேண்டும், அதுதான் வந்த காரியம். அது டாக்டருக்கும் தெரியும். மகள் வெளியே, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈறில் ஊசியைப் போட்டுவிட்டு, ஜன்னலோரத்து பிளேயரில் இசைத்தட்டை வைத்தார். மேடையிலேயே பதிவு செய்த ஒரு கச்சேரியின் ஆல்பம். இருபத்தேழு வருடமாக அந்த அறையில் ஓடுவது அது ஒன்றுதான். அதைக் கேட்காமல் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர் எவரும் இல்லை.

"இந்தக் கச்சேரிக்கு நான் நேர்லயே போயிருந்தேன் தெரியுமா? மூணாவது வரிசை. அடிச்சுப் பிடிச்சு ஒரே ஒரு டிக்கெட் கிடைச்சுது. இவளும் வரேன்னு நின்னா. ஆறு மாசக் குழந்தையை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குப் பாட்டும் கீட்டும்னு வீட்டுலயே இருக்கச் சொல்லிட்டேன்."

'இவள்' என்று அவர் கைகாட்டிய மனைவி, தட்டில் பஞ்சுருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே நர்ஸ், வரவேற்பாளர் எல்லாம் அவள்தான். அந்த அறையில் வாயைத் திறப்பது மட்டும் நோயாளிகளின் வேலை.

நான்கு பாட்டுகள் முடியும்வரை டிரில் நிதானமாக ஓடியது. ஐந்தாவது பாட்டின் நடுவில் டாக்டர் அதை நிறுத்தினார்.

"இப்பக் கவனிங்க. கடைசி வரிக்கு முன்னாடி பாடகர் சட்டுனு நிறுத்துவார். ஹால்ல ஆயிரம் பேர். ஒருத்தர் மூச்சு விடலை."

பாடகர் நிறுத்தினார். அந்த அமைதியில், இடது ஸ்பீக்கரில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. பிறகு அழுகை வலது ஸ்பீக்கரில் கேட்டது, இன்னும் பலமாக. அது ஓய்வதற்குள் ரசிகர்கள் சிரித்துவிட்டார்கள்.

"போச்சா? கெடுத்தாச்சா?" டாக்டருக்கு முகம் சிவந்தது. "இடது பக்கம் ஆரம்பிச்சு வலது பக்கம் போகுது பாருங்க. அம்மாக்காரி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குக் குறுக்கே ஓடியிருக்கா. கொஞ்சமாவது அறிவு வேணாம்? அந்தக் குடும்பம் மட்டும் என் கையில சிக்கட்டும், ஊசி போடாமலே அத்தனை பல்லையும் பிடுங்கிடறேன். சரி, நீங்க சொல்லுங்க. இந்த இடத்தைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

இதுதான் பரீட்சை. இதற்கான பதிலை மகள் முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். 'ஆமா சார், குழந்தை கெடுத்துடுச்சுன்னு மட்டும் சொல்லு. போதும். வேற எதையும் உளறி வைக்காதே.'

இளைஞன் வாயிலிருந்த பஞ்சை எடுத்தான். பாதி நாக்கு மரத்துப் போயிருந்தது. மனசு மரக்கவில்லை, அதுதான் வினை.

"அழுதது நான்தான் சார்."

"என்னது?"

"அப்ப எனக்கு எட்டு மாசம். அம்மா தூக்கிக்கிட்டுப் போயிருந்தாங்க. இப்பவும் என் பிறந்த நாளுக்கு இந்த ரெக்கார்டைப் போட்டு, இது நீதாண்டான்னு சொல்லிச் சிரிப்பாங்க. குழந்தை கெடுத்துடுச்சுன்னு சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு தெரியும். எங்கம்மாவை விட்டுக்கொடுத்துப் பேச மனசு வரலை சார்."

கதவருகே வந்து நின்ற மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். டாக்டர் கையுறைகளைக் கழற்றிக் குப்பைக் கூடையில் எறிந்தார்.

"தோண்டின பல்லை அடைச்சு அனுப்பறேன். அது என் தொழில். ஆனா பொண்ணு கிடையாது. இருபத்தேழு வருஷமா நான் வாயாரத் திட்டின பிள்ளையை எப்படி வீட்டுக்குள்ள கூப்பிடுவேன்? ஏய், சிமென்ட்டைக் குழை."

மனைவி சிமென்ட் தட்டை எடுத்தாள், ஆனால் குழைக்கவில்லை.

"உங்க இஷ்டம் சார்" என்றான் இளைஞன். "ஒண்ணே ஒண்ணு. எங்கம்மா எங்கேயும் ஓடலை. வலது பக்கம் ஓர சீட்டு. கடைசி வரைக்கும் எழுந்திரிக்கவே இல்லையாம். அவங்களை அறிவில்லாதவங்கன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அப்புறம் இடது ஸ்பீக்கர்ல எப்படிக் கேக்குது? உங்கம்மா பொய் சொல்றாங்களா, என் ரெக்கார்டு பொய் சொல்லுதா?"

சிமென்ட் தட்டைக் கீழே வைத்துவிட்டு மனைவி பிளேயர் அருகே போனாள். ஊசியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே மறுபடி வைத்தாள். பாடகர் நிறுத்தினார். இடது பக்கம் குழந்தை வீரிட்டது.

"ரெண்டு பேரும் பொய் சொல்லலைங்க" என்றாள். "அன்னிக்கு நீங்க கிளம்பின பத்தாவது நிமிஷம் நானும் கிளம்பிட்டேன். நின்னு பாக்கிற டிக்கெட்டை வாசல்லயே குடுத்தாங்க. இடது பக்கத் தூணுக்குப் பின்னால நின்னேன். முதல்ல அழுதது நம்ம பொண்ணு. அவ அழறதைக் கேட்டுத்தான் அந்தப் பக்கம் மாப்பிள்ளை அழ ஆரம்பிச்சார்."