கீழ்வீட்டு ட்ரிப்பர்

மழை பெய்தாலே தவமணி குடியிருக்கும் கீழ்வீட்டில் ட்ரிப்பர் விழுந்து கரண்ட் போய்விடும். "இவ புலம்பல் தாங்கல. அந்த டப்பாவைத் தூக்கிட்டு நேரா இணைச்சுடுய்யா" என்றார் வீட்டுக்காரர்.

எலக்ட்ரீஷியன் மரியசூசைக்கு விளக்கிச் சொல்வதில் அலுப்பே கிடையாது. "ஒரு வயர்ல போன கரண்ட் இன்னொண்ணுல முழுசா திரும்பி வரணும் சார். துளி குறைஞ்சாலும், யார் உடம்பு வழியாவோ மண்ணுக்குள்ள இறங்குதுன்னு இந்த ட்ரிப்பர் உடனே கரண்ட்டை அறுத்துடும். இங்க ஈரச் சுவத்துல உங்க பழைய வயர் கசியுது. வயரை மாத்துங்க."

"சுவத்தை உடைக்கச் சொல்றியா? கழட்டுய்யா."

"சரி. மாடியில உங்க வீட்லயும் கழட்டிடவா?"

"அங்க எதுக்கு? பேத்தி இருக்கா."

தவமணி தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மரியசூசை ஸ்க்ரூடிரைவரை வீட்டுக்காரர் கையில் வைத்தார். "நீங்களே கழட்டுங்க. கழட்டிட்டு இந்தச் சுவத்துல சாஞ்சு நில்லுங்க, பாப்போம்."

சுவரில் ஊன்றியிருந்த கையை வீட்டுக்காரர் மெல்ல எடுத்துக்கொண்டார்.